தட்டின் நடுவிலுள்ள தாள்

பெரிய ரிகார்டுக் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஊழியம் புரிந்தவர் நாம் என்று அறிந்தவுடன் அன்பர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே. எந்தெந்தப் பாடகரை நேரிற் கண்டீர் என்பது ஒன்று. நீரும் பாடுவீரோ என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை யாதெனில், சிலரைக் கண்டோம். பெரும்பாலும் கட்டிடத்தின் வாயிலில், அவர்கள் உள்ளே நுழையும்போதும் நாம் சோற்றுக்கு வெளியே போகும்போதுமே கண்டோம். இரண்டாவது கேள்விக்கு நாம் விடை சொல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டாரைக் கேட்டால் சொல்லுவர்.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அது நம் ஊரைப் பற்றியது. தஞ்சோங் ரம்புத்தான் என்போம், கேட்டவர் சிரிப்பார். மலாயாவில் இவ்வூரின் பெயரைச் சொன்னால் சிரிக்காதவர் அரியர். 1911இல் இங்கே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது முதல், ‘அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு’ என்பது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேற்றுமை இல்லாமல் எல்லாரும் பேசும் பேச்சாகிவிட்டது. கோலாலம்பூரில் நாம் வேலையிற் சேர்ந்த அன்றே மேலாளர் ஒருவர், ‘வைத்தியர் சீட்டுக் கொடுத்துத்தான் விட்டார்களா?’ என்று கேட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். இப்பொழுது அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. மகிழ்ச்சி என்று பொருள்படும் பெயர். பெயர் மாறினும் சிரிப்பு மாறவில்லை. அம்மருத்துவமனையில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இவ்வூரில் எத்தனை என்பதைச் சிரிப்பவர் அறியார். ஒரு பெயரோடு என்னவெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதை நாம் முதன்முதற் கற்றது ஊர்ப் பெயரால்தான். பிறகு கம்பெனியிலும் நமக்கு வாய்த்தது பெயர்களோடு கட்டிப் புரளும் வேலையே.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சோறு போட்ட இடம். குறையும் சில சொல்லவேண்டியிருக்கிறது. நாம் சேர்ந்த 1984இல் உலகத்தில் பெரிய ரிகார்டுக் கம்பெனிகள் என்று எண்ணத்தக்கவை ஆறு இருந்தன: இ.எம்.ஐ., பாலிகிராம், சி.பி.எஸ்., ஆர்.சி.ஏ., வார்னர், எம்.சி.ஏ. நாம் விலகிய 2012இல் இ.எம்.ஐ.யை யூனிவர்சல் வாங்கிக்கொள்ள, மிஞ்சியவை யூனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்றே. அவற்றுள் ஒன்றாகவோ, அவற்றுள் ஒன்றின் வயிற்றுக்குள் போனதாகவோ நம் கம்பெனியை வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்திற் பிறந்தவருக்கு இத்தகைய கம்பெனியின் அமைப்பு புதிதாய்த் தோன்றாது. நம் தந்தையார் ஈப்போவுக்கு அப்பாலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றிற் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் முதலாளி லண்டனில் இருப்பார். அவரை ஒருவரும் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே துரை, துரைக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே தண்டல், தண்டலுக்குக் கீழே வெட்டுபவர். ரிகார்டுக் கம்பெனியிலும் முதலாளி கடலுக்கு அப்பால். இங்கே ஒரு துரை. அவருக்குக் கீழே விற்பனைக்காரர், விளம்பரக்காரர், கணக்கர். மரத்தை வெட்டுபவர் இடத்தில் பாடுபவரும் வாசிப்பவரும் இருந்தனர். நாம் கிராணி. வெட்டுபவரின் பிள்ளை கிராணியானதில் நம் தந்தையாருக்கு இருந்த பெருமையை எழுத்தில் அடக்க இயலாது. கம்பெனி என்ன செய்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மேசை உண்டா என்று மட்டும் கேட்டார்.

மேசை இருந்தது. அதன்மேல் வரும் வேலைக்கு ‘லேபிள் காப்பி’ என்று பெயர். ஓர் இசைத்தட்டின் நடுவே வட்டமாக ஒட்டப்படும் தாளிலும், பிற்காலத்தில் கேசட்டின் உள்தாளிலும் என்ன அச்சாகவேண்டும் என்று எழுதிக்கொடுப்பதே அது. பாடலின் முதலடி, பாடியவர், பாட்டெழுதியவர், இசையமைத்தவர், உரிமை யாருடையது, எந்த ஆண்டு, தட்டின் எண் என்ன என்ற இவை அனைத்தும் பிழையின்றி வேண்டும். 1986க்குப் பின் ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமுமான சர்வதேசக் குறியெண் ஒன்றும் வந்து சேர்ந்தது. கேட்பவர் அத்தாளைப் படிப்பதேயில்லை. ஆயினும் பணம் அத்தாளின் வழியேதான் போகும். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், கடையில் ஒரு கேசட்டு விற்றால், அதற்குரிய பங்கு இன்னாருக்குச் சேரும் என்பதைச் சொல்வது அந்தத் தாள். தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்கும்போது பெயர்ப் புத்தகத்தில் பெயர் ஏறாவிட்டால், அன்றைக்குப் பத்து மரம் அதிகமாகவே வெட்டினாலும் கூலி இல்லை. பாட்டுக்கும் விதி அதுவே.

தமிழர் பெயர் அத்தாளில் ஏறும்போது படும் பாட்டை ஒரு தனி நூலாகவே எழுதலாம். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயர் ரோமன் எழுத்தில் எத்தனை வடிவம் கொள்ளும் என்று நினைக்கிறீர்கள்? நடுவில் ‘பி’ போடுபவர் ஒருவர், ‘பீ’ போடுபவர் ஒருவர், அதை இரட்டிப்பவர் ஒருவர். ஈற்றில் ‘எம்’ ஒருவர், ‘என்’ ஒருவர். தலைப்பெழுத்தை முன்னே வைப்பவருண்டு, பின்னே வைப்பவருண்டு. இந்நாட்டு அடையாளச் சீட்டில் மகன் என்பதற்கு ‘ஏ எல்’ என்று இரண்டெழுத்தை இடையிற் செருகுவார்கள். அதையும் பெயரின் பகுதியென்று கருதும் கணினி உண்டு. முடிவு யாது? ஒரே மனிதர் கம்பெனியின் கணக்கில் மூன்று மனிதராகி நிற்பார். மூவருக்கும் தனித்தனியே சேரும் பணம் மிகச் சிறிது. இவ்வளவுக்குக் குறைந்தால் அனுப்புவதில்லை என்றொரு விதி இருக்கும். ஆதலின் மூவருக்கும் பணம் போகாது. ஆண்டுதோறும் ‘நிலுவை’ என்ற பத்தியில் அது தூங்கும். நாம் அப்படித் தூங்கிய பெயர்களை ஒன்றாய்ச் சேர்த்து எழுப்பியதுண்டு. இருபத்தெட்டு ஆண்டில் நமக்கு உண்மையான இன்பம் தந்த வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவோம்.

கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கும் காலத்தில்தான் இப்பெயர்களுக்குப் பெருங்கேடு. பத்திரிகைகள் எத்தனை கோடிக்கு விலை போயிற்று என்று எழுதும். உள்ளே நடப்பது வேறு. இருபது பேர் வீட்டுக்கு அனுப்பப்படுவர்; அவர்களுள் ஒருவருக்குத்தான் எந்த அலமாரியில் எந்தக் காகிதம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். அட்டைகள் பெட்டியில் அடைபட்டுக் கிடங்குக்குப் போகும். பெட்டியின் மேல் எழுதிய எண் மழையில் அழியும். அத்துடன் நாற்பது மிருதங்கக்காரரும் ஐம்பது வயலின்காரரும் மறைந்தொழிவர்.

இப்பெயர் விவகாரம் நம் காலத்தில் முளைத்ததன்று. இத்தொழிலோடு கூடப் பிறந்தது. கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெடரிக் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் வந்திறங்கி, நவம்பர் மாதத்தில் கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்துகொண்டு போனார். அடுத்த ஆண்டில் சிங்கப்பூருக்கும் வந்தார். அக்காலத்தில் இந்தியத் தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்தில் அச்சாகி வந்தன. ஹானோவரில் தாள் ஒட்டுபவருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. எத்தட்டில் யார் பாடியிருக்கிறார் என்று எப்படி அறிவது? ஆதலின் பாடியவரே பாட்டின் முடிவில் தம் பெயரை உரக்கச் சொல்லவேண்டுமென்று ஏற்பாடு. கௌஹர் ஜான் தம் தட்டுகளின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்லும் கம்பீரத்தை இன்றும் கேட்கலாம். இதைப் பலர் பெருமிதம் என்பர். நமக்கு அதில் லேபிள் காப்பிதான் கேட்கிறது.

ஆனால் பெயர் சொல்லும் உரிமை பாடியவருக்கு மட்டுமே இருந்தது. பக்கத்தில் இருந்த சாரங்கிக்காரரும் தபேலாக்காரரும் வாயைத் திறக்கவில்லை. ஹானோவருக்கு அவர்கள் தேவைப்படவில்லை. தாளில் அவர்கள் ஏறாத கதை அங்கே தொடங்குகிறது.

பாடியவர் யார் என்பதையும் சிறிது பார்ப்போம். தென்னாட்டில் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், தட்டுக்குப் பாட முன்வந்தவருள் புகழ்பெற்றோர் கோயம்புத்தூர்த் தாயி, காஞ்சிபுரம் தனகோடி, சேலம் கோதாவரி போன்ற பெண்மணிகள். எந்தச் சமூகம் அவர்கள் பாட்டைக் கேட்டுத் தலையசைத்ததோ, அதே சமூகம் அவர்களைக் குலத்தால் இழித்துப் பேசிற்று. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்குச் சீர்திருத்த எண்ணம் ஒன்றும் இருந்ததில்லை. அதை அடித்துச் சொல்லுவோம். விற்கும் குரல் வேண்டும், அவ்வளவே. குலத்தைக் கேளாமல் குரலை மட்டும் கேட்ட புனல் ஒன்று இருந்தது. அதன்முன் இப்பெண்கள் பாடினர். தாளில் அவர்கள் பெயரே முதலிலும் பெரிதாகவும் அச்சாயிற்று. பிரெஞ்சு இசைப்புலவர் மோரிஸ் தெலாஜ் என்பவர் 1912இல் இந்தியாவுக்கு வந்து சென்றார். தாயியின் தட்டுகளில் ஈடுபட்டு, அக்குரலின் போக்கைத் தம் பாடல்களிற் கொண்டுவர முயன்றார். உள்ளூர்ச் செல்வர் வீட்டுத் திண்ணை வேற்றுமை பாராட்டிய குரல் பாரிஸ் வரை போய்ச் சேர்ந்தது வியப்பன்றோ?

கேட்பவர் பக்கத்திலும் அவ்விதமே. சபைக்குச் சீட்டு வேண்டும், சட்டை வேண்டும், சில இடங்களிற் சாதியும் வேண்டும். தட்டுக்கு ஊசி போதும். நம் தந்தையார் சிறுவராயிருந்தபோது, தோட்டத்துக்கு வெளியேயுள்ள கடையொன்றில் கிராமபோன் பெட்டி இருந்ததாம். சம்பள நாளின் மாலையிற் கடைக்காரர் சாவி கொடுத்துத் தட்டு வைப்பார். சாக்கு விரித்துக்கூட உட்கார இடமின்றி மக்கள் வெளியே சாலை வரை நிற்பார்களாம். எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை அவர் அங்குதான் முதன்முதற் கேட்டார். கிட்டப்பா 1933இலேயே மறைந்துவிட்டார். தந்தையார் கேட்டது அதற்கும் சில ஆண்டுகள் கழிந்து. பாடுகிறவர் உயிரோடில்லை என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. ‘நன்றாகத்தானே பாடிக்கொண்டிருந்தார்’ என்று முதுமையிலும் சொல்லிச் சிரிப்பார்.

அத்தட்டு எதனாலாயது என்பதைத் தந்தையார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். கிராமபோன் தட்டு அரக்காலாயது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தம்மேல் அரக்கை மூடிக்கொள்ளும். ஆதிவாசி மக்கள் அக்கிளைகளை ஒடித்து, அரக்கைச் சுரண்டி, சந்தையில் எடைபோட்டுக் கொடுப்பர். அதை உருக்கித் தகடாக்கிக் கப்பலேற்றுவர். அதனோடு கற்பலகைத் தூள், கரி, பஞ்சுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து தட்டாக்குவர். தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் முதலில் உபயோகித்ததோ கெட்டி ரப்பர். அது ஒழுங்காய்ப் படியவில்லை என்று 1890களின் பிற்பகுதியில் அரக்குக்கு மாறினார். அன்றேல் பால்மரம் வெட்டுபவரின் கைப்பால் கிட்டப்பாவின் பாட்டைச் சுமந்து அவரிடமே திரும்பி வந்திருக்கும். மரத்தின் கண்ணீர் அரக்காயினும் பாலாயினும், வடித்தெடுத்தவர் எடைக்கு நின்ற வரிசை ஒன்றே.

கல்கத்தாவில் சியால்டாவில் 1908இல் தொழிற்சாலை ஏற்பட்ட பின் ஹானோவருக்குப் போகவேண்டிய தேவை நீங்கிற்று. 1920களின் இறுதியில் அது டம்டம் என்ற இடத்துக்கு மாறிப் பெருகியது. மெழுகிற் பதிந்த கோட்டை உலோகத்தில் எடுத்து, அதிலிருந்து ஒரு தாய்த்தட்டும், தாயிலிருந்து அச்சுத்தட்டுகளும் செய்வர். நீராவியாற் சூடான மேசையில் அரக்குப் பிண்டம் அப்பம்போல் இளகும். அழுத்துபவர் மேல்தாளையும் கீழ்த்தாளையும் வைத்து, நடுவே அப்பத்தை இட்டு, யந்திரத்தை மூடுவார். ஆவி அழுத்தும், பிறகு குளிர்நீர் பாயும், திறந்தால் பாட்டு. ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குபவர் ஒருவர். கண்ணாற் பார்த்தும் காதாற் கேட்டும் கழிப்பவர் வேறொருவர். நாள் முழுதும் சூடும் கற்பலகைத் தூசியும். பெயரச்சான தாளை ஒரு நாளில் நூறு முறை தொடும் அக்கையின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இந்தியாவில் கிராமபோன் கம்பெனிக்கு 2000 முதல் சரிகம என்பது பெயர். ஸ்வரத்தை ஏட்டில் எழுதுவதற்கு முன்னரே தூசியை விழுங்கியவர் வரலாறு எழுதப்பட வேண்டும் என்பது நம் ஆசை.

நம் காலத்துக்கு வருவோம். நாம் சேர்ந்தபோது அரக்கும் போய், வினைல் தட்டும் தளர்ந்து, கேசட்டு ஆண்டுகொண்டிருந்தது. அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் விற்பனைக் கூட்டம். பத்துப் பாட்டுத்தொகுதி வெளியிட்டால் ஒன்றோ இரண்டோ விற்கும். மீந்தவற்றின் நட்டத்தை அவை சுமக்கும். எது விற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வல்லார் அங்கே ஒருவருமில்லை. ஆனால் எல்லாரும் சொல்லுவர். விற்காது போனவை கடைகளிலிருந்து மூட்டையாய்த் திரும்பி வரும். அவற்றைக் கள்ளச்சந்தைக்குப் போகாதபடி உடைத்தெறிய வேண்டும். ஓர் இளைஞர் ஆறு மாதம் உயிரைக் கொடுத்துப் பாடியதை நொறுக்கும் யந்திரத்தின் அருகே எண்ணிக்கைக்குச் சாட்சியாய் நின்றிருக்கிறோம். அவ்வேலைக்குப் போகும் நாளில் நாம் பகலுணவு கொள்வதில்லை.

கள்ளக் கேசட்டு இன்னொரு வழக்கு. 1987இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்த பின், அதிகாரிகள் இரவுச் சந்தைகளிற் புகுந்து கைப்பற்றுவார்கள். கம்பெனியார் அதைக் களவென்றனர், களவுதான். ஆயினும் முழு விலை கொடுக்க இயலாத தோட்டத்து லயத்தில் இளையராஜாவின் பாட்டு எப்படி நுழைந்தது என்று கேட்டால், அக்களவின் வழியேதான் என்று சொல்லவேண்டும். இதில் நமக்கு இரண்டு மனம். இன்றும் ஒரு மனமாகவில்லை.

மனத்தில் வடுவாய் நிற்பது வேறு. நம் இன இளைஞர் கேசட்டில் தம் பாட்டைப் பதிந்துகொண்டு கம்பெனி வாயிலுக்கு வருவர். சுங்கை சிப்புட்டிலிருந்தும், கம்பாரிலிருந்தும், கிள்ளானிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து முகம் கழுவிக்கொண்டு நிற்பர். தமிழ் பேசும் கிராணி என்பதால் அவர்களிடம் பேச நம்மைத்தான் அனுப்புவார்கள். உள்ளே துரை சொன்ன காரணம் எப்பொழுதும் ஒன்றே: ‘தமிழ்ப் பாட்டுச் சென்னையிலிருந்து வருகிறது, படம் அதற்கு விளம்பரம், நாம் ஏன் இங்கே செலவு செய்ய வேண்டும்?’ கணக்கில் அது சரி. பினாங்குச் சகோதரர் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ என்ற குழுவிற் பாடி நாடறிந்த புகழ் பெற்றது மலாய்ப் பாட்டால். தமிழர் தொண்டைக்கு விலை இருந்தது, தமிழுக்குத்தான் இல்லை. ‘சொல்லி அனுப்புகிறோம், தம்பி’ என்போம். பஸ் செலவுக்குக் கையில் இருக்கிறதா என்றும் கேட்போம். 2006இல் யோகி பி. – நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ வெளிவந்து கடல் கடந்தும் பரவியபோது, வாயிலில் நின்ற அம்முகங்களையெல்லாம் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் அவ்வாயிலுக்கு இளைஞர் வரவில்லை. ஓர் அம்மையார் வந்தார். 1990களின் இறுதி. ஈப்போப் பக்கத்துத் தோட்டத்தவர். சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தது ஒரு பழைய தட்டு. 1970களில் கம்பெனி இந்நாட்டிலேயே பதிந்த சில தமிழ்ப் பாடல்கள். அதில் தபேலா வாசித்தவர் தம் கணவர் என்றார். காலையிற் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் கச்சேரிக்குப் போனவராம், இறந்து இரண்டாண்டாயிற்று. அப்பாட்டு வானொலியில் அடிக்கடி வருகிறது; ஏதேனும் பங்கு உண்டா என்று கேட்க வந்திருந்தார்.

பழைய அட்டைகளைத் தேடினோம். தாளில் ‘பக்கவாத்தியம்: குழுவினர்’ என்றிருந்தது. அடியில் ஒரு வவுச்சர். இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி உரிமையில்லை என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதன்கீழ்த் தமிழிற் கையெழுத்து. கையெழுத்திட்ட சீட்டின் முன்னே பேச என்ன இருக்கிறது? இந்தியாவிற் கூடப் பாடியவர் வாசித்தவர் உரிமை என்று ஒன்று சட்டத்தில் ஏறியது 1994இல். பங்குத்தொகைக்கு அது கால் ஊன்றியது 2012இல். துரையிடம் போய்ச் சொன்னோம். அவர் கெட்டவரல்லர். ஒரு பெட்டி நிறையக் கேசட்டு கொடுத்தனுப்பச் சொன்னார்.

அம்மையார் பெட்டியைத் தொடவில்லை. ‘பணம் இல்லையென்றால் விடுங்கள், தம்பி. பேரையாவது போடக் கூடாதா? பேரப்பிள்ளைகளிடம் இது உங்கள் தாத்தா என்றால், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள்’ என்றார்.

அவ்வாண்டே அப்பாடல்களைக் குறுந்தட்டாய் மறுபடி வெளியிடும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. லேபிள் காப்பி நம் மேசையில். ‘குழுவினர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘தபேலா’ என்றெழுதி அவர் பெயரை எழுதினோம். வயலின், குழல் வாசித்தவர் பெயர்களும் அம்மையாருக்கு நினைவிருந்தன, அவற்றையும் எழுதினோம். அதைத் திருத்த ஒருவரும் முன்வரவில்லை. உண்மையில் ஒருவரும் படிக்கவில்லை. அச்சாயிற்று. இரண்டு படிகளை அஞ்சலில் அனுப்பினோம்.

பிறகு குறுந்தட்டும் போயிற்று. இன்று பாட்டெல்லாம் கைப்பேசியில் காற்றுவழி வருகிறது. அத்தொகுதியும் வருகிறது, தேடிப் பார்த்தோம். திரையில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர், ஒரு சிறு படம். உள்தாள் எங்கே? உள்தாளில் இருந்தவர்கள் எங்கே? கம்பெனி அனுப்பும் அட்டவணையில் வாசித்தவர் பெயருக்கு இடம் இருக்கிறது. நிரப்புவதற்குக் கிராணி இல்லை. பழைய இருப்பு ஆயிரக்கணக்கில். அதைத் தட்டியெழுப்பினால் என்ன வருமானம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். விடை சொல்ல முடியாது. அப்பன்னிரண்டு எழுத்துக் குறியெண் மட்டும் பிழையில்லாமல் இருக்கிறது.

இப்பொழுது ஊரிலிருக்கிறோம். தோட்டத்தில் ஒருபுறம் எண்ணெய்ப்பனை, ஒருபுறம் வீடமைப்பு. லயத்தைக் காலிசெய்து போனவர் பலர் பரணிலிருந்த தட்டுகளை எறிய மனமின்றி நம்மிடம் கொணர்ந்து கொடுக்கின்றனர். ஒவ்வொன்றையும் துடைத்து, காகித உறையிலிட்டு, யார் யார் வாசித்தார் என்று தெரிந்தவரைக் கேட்டுப் பென்சிலால் உறையின்மேல் எழுதி வருகிறோம். மையால் எழுதுவதில்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதுண்டு. சென்ற வாரம் வந்த தட்டில் ஊசி பாய்ந்து பாய்ந்து கோடே வெளுத்திருக்கிறது; ஆயினும் ஆர்மோனியம் தெளிவாய்க் கேட்கிறது. வாசித்தவர் இன்னாராய்த்தான் இருக்கும் என்று மஞ்சோயிலுள்ள முதியவர் ஒருவர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை தட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறோம்.